பிரிட்டிஷ் ராணுவத்தில் பதவிக்கு விலை: கார்டிகன் பிரபுவை வைத்து ஓர் எளிய விளக்கம்

"பணக்காரப் பிள்ளைகள் லஞ்சம் கொடுத்து ராணுவ அதிகாரி ஆனார்கள். அந்த முட்டாள்களில் ஒருவர்தான் பாலக்ளாவாவில் நூற்றுக்கணக்கான குதிரை வீரர்களைப் பீரங்கி வாயில் கொண்டுபோய்த் தள்ளினார்." பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் ராணுவத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் பலர் இப்படிச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஆனால் லஞ்சம் என்ற சொல் இங்கே பொருந்தாது. அரசே விலைப்பட்டியல் போட்டு, ஊரறிய நடத்திய ஏற்பாடு அது. 1854-இல் கிரிமியப் போரில் பாலக்ளாவா என்ற இடத்தில் நடந்த அந்த நாசத்துக்கும் இந்த ஏற்பாட்டுக்கும் இருக்கும் தொடர்பும் அவ்வளவு நேரடியானது இல்லை.

இதை விளக்க ஒரே ஒருவரின் வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறேன்: ஏழாம் கார்டிகன் பிரபு ஜேம்ஸ் புருடெனல். ராணுவப் பதவியையும் நாடாளுமன்ற இடத்தையும் குடும்பச் சொத்து போலப் பார்த்த ஒரு வகுப்பில் பிறந்தவர். அந்த ஏற்பாடு எப்படி ஓடியது, எங்கே பழுதுபட்டது என்பதெல்லாம் அவர் வாழ்க்கையில் வெட்டவெளிச்சமாகத் தெரியும். இங்கிலாந்து வரலாறு முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பிரபுவின் மகன் மக்கள் சபையில்

புருடெனல் 1797-இல் பிறந்தார். ஏழு சகோதரிகள், இவர் ஒரே ஆண் பிள்ளை. நார்த்தாம்ப்டன்ஷயரில் டீன் பார்க் என்ற பெரிய மாளிகையும் நிலங்களும் குடும்பச் சொத்து. 1811-இல் அப்பாவுக்கு ஆறாம் கார்டிகன் பிரபு என்ற பட்டம் வந்தது. அன்றிலிருந்து மகனை எல்லோரும் 'லார்ட் புருடெனல்' என்று அழைத்தார்கள்.

இங்கே முதல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இரண்டு சபைகள். பட்டம் பெற்ற பிரபுக்கள் உட்காருவது பிரபுக்கள் சபை. தேர்தலில் வென்றவர்கள் உட்காருவது மக்கள் சபை. அப்படியானால் 'லார்ட்' என்று அழைக்கப்பட்டவர் எப்படி மக்கள் சபை உறுப்பினர் ஆனார்? அப்பா உயிரோடு இருக்கும்வரை மகனுக்கு உள்ளது மரியாதைப் பட்டம் மட்டும்தான். சட்டத்தின் கண்ணில் அவர் சாதாரணக் குடிமகன். அதனால் தேர்தலில் நிற்கலாம். அப்பா இறந்து பட்டம் கைக்கு வந்ததும் மக்கள் சபையை விட்டு மேலவைக்குப் போக வேண்டியதுதான்.

1818-இல், இருபது வயதில், அவர் மார்ல்பரோ தொகுதியின் உறுப்பினர் ஆனார். வாக்குக் கேட்டு வீடு வீடாக அலையவில்லை. மார்ல்பரோவில் வாக்குரிமை ஒரு சிலருக்குத்தான் இருந்தது, அவர்கள் எல்லோரும் புருடெனலின் உறவினரான எய்ல்ஸ்பரி பிரபு சொன்னபடி வாக்களிப்பவர்கள். இப்படி ஒரு புரவலரின் சட்டைப்பைக்குள் இருந்த தொகுதிகளைத்தான் 'பாக்கெட் பரோ' என்பார்கள். நாட்டில் இப்படிப் பல தொகுதிகள் இருந்தன. ஓல்டு சாரம் என்ற இடத்தில் ஊரே கிடையாது. வாக்காளர்கள் ஏழு பேர், உறுப்பினர்கள் இரண்டு பேர்.

கத்தோலிக்கர்களுக்கு அரசியல் உரிமை தரும் சட்டம் வந்தபோது புருடெனலுக்கும் புரவலருக்கும் ஒத்துப்போகவில்லை. 1829-இல் இடத்தைக் காலி செய்தார். அப்புறம் கார்ன்வாலில் ஃபோய் என்ற இன்னொரு சிறு தொகுதி. 1832-இல் வந்த தேர்தல் சீர்திருத்தச் சட்டம் இப்படிப்பட்ட 56 தொகுதிகளை ஒரே அடியில் ஒழித்தது. ஃபோயும் அதில் போனது. சொந்த மாவட்டமான வடக்கு நார்த்தாம்ப்டன்ஷயரில் ஏராளமாகச் செலவு செய்து வென்றார். 1837-இல் அப்பா இறந்ததும் பிரபுக்கள் சபைக்குப் போனார். உறுப்பினர்களுக்குச் சம்பளம் என்பதே 1911 வரை இல்லை. சொத்து இருப்பவர்தான் நாட்டை ஆள வேண்டும் என்ற எண்ணம் சட்டமாகவும் வழக்கமாகவும் ஊறிப்போயிருந்தது. ராணுவத்திலும் அதே எண்ணம்தான்.

இதுவரை பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன்: புருடெனல் பிரபுவின் மகன், இருபது வயதில் நாடாளுமன்ற உறுப்பினர். அந்த இடம் உறவினர் கைவசம் இருந்த இடம். பொதுப் பதவியைச் சொத்தாகப் பார்ப்பது அன்றைக்கு யாருக்கும் உறுத்தவில்லை என்று இல்லை, உறுத்தியவர்கள் போராடியதால்தான் 1832 வந்தது. ஆனால் ஆண்டவர்களுக்கு அது இயல்பாக இருந்தது.

ஒத்தி வீடு போல ஓர் ஏற்பாடு

சரி, ராணுவத்துக்கு வருவோம். 1824 மே மாதம், 26 வயதில், புருடெனல் 8-வது ஹுஸ்ஸார் ரெஜிமென்டில் கார்னெட்டாகச் சேர்ந்தார். ரெஜிமென்ட் என்பது தனிப் பெயரும் எண்ணும் சீருடையும் கொண்ட படைப்பிரிவு. ஹுஸ்ஸார் என்றால் இலகு குதிரைப்படை. கார்னெட் என்பது குதிரைப்படை அதிகாரிகளில் ஆகக் கீழ்ப்படி. அந்தப் பதவியை அவர் வாங்கினார்.

வாங்கியது எதை? 'கமிஷன்' என்பதை. இங்கே அது தரகுப் பணத்தைக் குறிக்கவில்லை. ஒருவரை அதிகாரியாக நியமித்து அரசர் தரும் ஆணைப் பத்திரம்தான் கமிஷன். ஒவ்வொரு படிக்கும் தனித்தனிக் கமிஷன், ஒவ்வொன்றுக்கும் அரசு நிர்ணயித்த விலை.

ஒத்திக்கு வீடு எடுப்பதை நினைத்துப் பாருங்கள். பெரிய தொகை ஒன்றைக் கொடுத்துவிட்டுக் குடியேறுகிறோம். மாத வாடகை கிடையாது. வீட்டைக் காலி செய்யும்போது கொடுத்த தொகை திரும்பி வருகிறது. அதுவரை நம் பணம் அங்கே முடங்கிக் கிடக்கிறது, வீட்டை ஒழுங்காக வைத்துக்கொள்வோம் என்பதற்கு அதுவே உத்தரவாதம். கமிஷனும் ஏறக்குறைய அப்படித்தான். அதிகாரி ஒரு தொகையைப் போட்டுப் பதவியில் உட்காருகிறார், சேவையை விட்டு விலகும்போது விற்றுத் தொகையை மீட்டுக்கொள்கிறார். ஒரு வித்தியாசம் முக்கியம். ஒத்தியில் பணத்தைத் திருப்பித் தருவது வீட்டுக்காரர். ராணுவத்தில் அடுத்து அந்த இடத்துக்கு வருபவர்தான் தருவார்.

விலைப்பட்டியலைப் பார்க்கலாம். 1821-இல் நிர்ணயித்தபடி குதிரைப்படையில் கார்னெட் 840 பவுண்டு, லெப்டினன்ட் 1,190, கேப்டன் 3,225, மேஜர் 4,575, லெப்டினன்ட் கர்னல் 6,175. காலாட்படையில் எல்லாமே குறைவு. அங்கே ஆகக் கீழ்ப்படியான என்சைன் 450 பவுண்டு, லெப்டினன்ட் கர்னல் 4,500. அரச காவல் படைகளில் இன்னும் அதிகம், லெப்டினன்ட் கர்னலுக்கு 9,000. காலாட்படை என்சைனின் சம்பளம் ஒரு நாளைக்கு 5 ஷில்லிங் 3 பென்ஸ், ஆண்டுக்கு ஏறக்குறைய 95 பவுண்டு. சீருடை, வாள், அதிகாரிகள் சேர்ந்து சாப்பிடும் மெஸ்ஸின் செலவு எல்லாம் அவர் கையிலிருந்துதான். சம்பளத்தில் மிச்சம் பிடிக்க நினைத்து யாரும் அதிகாரி ஆகவில்லை.

ஒருவர் இறங்கினால் ஐந்து பேர் ஏறுவார்கள்

இந்த முறையின் இயக்கம் ஒரு சங்கிலியில் இருக்கிறது. பலருக்கும் தெரியாத இடம் இதுதான். தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

ஒரு குதிரைப்படை ரெஜிமென்டின் லெப்டினன்ட் கர்னல் விலகுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு 6,175 பவுண்டு வர வேண்டும். அந்த இடத்துக்கு அதே ரெஜிமென்டின் மூத்த மேஜர் வருகிறார். அவர் முழுத் தொகையும் கொடுக்க வேண்டாம், தன் மேஜர் பதவியின் மதிப்பு 4,575 போக மீதி 1,600 கொடுத்தால் போதும். காலியான மேஜர் இடத்துக்கு மூத்த கேப்டன் 1,350 கொடுத்து வருகிறார். கேப்டன் இடத்துக்கு மூத்த லெப்டினன்ட் 2,035 கொடுக்கிறார். அவர் இடத்துக்கு மூத்த கார்னெட் 350. கடைசியில் வெளியிலிருந்து ஓர் இளைஞர் 840 கொடுத்துக் கார்னெட்டாகச் சேர்கிறார். ஐந்தையும் கூட்டிப் பாருங்கள், சரியாக 6,175. விலகியவர் அந்தப் பணத்தில் மிச்ச வாழ்நாளை ஓட்டுவார். அரசு ஒரு பைசா ஓய்வூதியம் தர வேண்டியதில்லை.

இன்னொன்றும் இதில் இருக்கிறது. முதல் வாய்ப்பு எப்போதும் மூத்தவருக்கு. பணம் வைத்திருக்கும் யாரும் நேராக வந்து மேஜர் ஆகிவிட முடியாது. ஒவ்வொரு படியாகத்தான் ஏற வேண்டும், குறைந்தபட்ச சேவைக் காலம் என்ற விதியும் உண்டு, தலைமைத் தளபதியின் ஒப்புதலும் வேண்டும். ஆனால் மூத்தவரிடம் பணம் இல்லை என்றால்? அவர் நின்ற இடத்திலேயே நிற்பார். அவருக்குப் பின்னால் இருக்கும் பணக்காரர் அவரைத் தாண்டிப் போவார்.

ஹென்றி ஹேவ்லாக்குக்கு நடந்தது அதுதான். 1857 கிளர்ச்சியின்போது லக்னோவுக்குப் படை நடத்திப் பெயர் பெற்ற அதே ஹேவ்லாக். 1815-இல் அதிகாரியாகச் சேர்ந்தார், கேப்டன் ஆனது 1838-இல். 23 ஆண்டுகள்! அத்தனை காலமும் தன்னைவிட இளையவர்கள் பணத்தால் தன்னைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். புருடெனல் கார்னெட்டிலிருந்து லெப்டினன்ட் கர்னல் ஆக எடுத்துக்கொண்டது ஆறரை ஆண்டுதான்: 1825-இல் லெப்டினன்ட், 1826-இல் கேப்டன், 1830 ஆகஸ்டில் மேஜர், அதே டிசம்பரில் லெப்டினன்ட் கர்னல். இந்த இரண்டு வாழ்க்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

சுருக்கமாக: கமிஷன் என்பது விலை குறிக்கப்பட்ட நியமன ஆணை. ஒருவர் விலகும்போது கீழே இருப்பவர்கள் வித்தியாசத் தொகையை மட்டும் கொடுத்து ஒரு படி ஏறுவார்கள். மூப்புக்கு முதலிடம், பணமில்லாத மூப்புக்கு இடமே இல்லை.

எல்லாப் பதவியும் விற்பனைக்கு இல்லை

விலை லெப்டினன்ட் கர்னலோடு நின்றுவிடும். அதற்கு மேலே கர்னல், ஜெனரல் பதவிகள் மூப்பின்படி வருபவை. பீரங்கிப் படையிலும் பொறியாளர் படையிலும் கமிஷன் விற்பனையே கிடையாது. கணக்கும் கட்டுமானமும் தெரியாதவரை அங்கே உட்கார வைக்க முடியாது என்பதால் வூல்விச் பயிற்சிக் கழகத்தில் படித்தவர்களே எடுக்கப்பட்டார்கள். கடற்படையிலும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் சொந்தப் படைகளிலும் பதவி உயர்வு மூப்பின்படிதான்.

போரில் ஓர் அதிகாரி இறந்தால் அந்த இடத்துக்கு மூத்தவர் பணம் கொடுக்காமலே வருவார். நெப்போலியனோடு நடந்த நீண்ட போரில் சாவுகளும் புதிய படைப்பிரிவுகளும் அதிகமாக இருந்ததால், பெரும்பாலான பதவி உயர்வுகள் பணமில்லாமலே கிடைத்தன. இறந்தவர் போட்ட பணம்? அது போச்சு. குடும்பத்துக்குத் திரும்பி வராது. அப்பாவின் சேமிப்பை எல்லாம் வழித்துக் கமிஷன் வாங்கிய ஒருவர் குண்டடி பட்டு விழுந்தால், மனைவி பிள்ளைகளுக்கு ஆளும் இல்லை, பணமும் இல்லை. பதவி விற்பனையைப் பற்றிப் பேசுபவர்கள் இந்தப் பக்கத்தை ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

இதை ஏன் இவ்வளவு காலம் வைத்திருந்தார்கள்?

இங்கிலாந்தில் 1640-களில் உள்நாட்டுப் போர் நடந்தது. ராணுவம் அரசரைத் தோற்கடித்தது, 1649-இல் அரசர் தலை வெட்டப்பட்டது, அதன்பின் சில ஆண்டுகள் படைத்தலைவர் கிராம்வெல் ஆட்சி. 1660-இல் மன்னராட்சி திரும்பியபோது ஆளும் வகுப்பின் மனத்தில் ஒரு பயம் உறைந்திருந்தது: இழக்க ஒன்றுமில்லாதவன் கையில் படை இருக்கக் கூடாது. நிலமும் சொத்தும் உள்ளவர்கள் அதிகாரிகளாக இருந்தால் அரசைக் கவிழ்க்க மாட்டார்கள், அதோடு அவர்கள் போட்ட பணமே பிணையாக இருக்கும். பெரிய குற்றத்துக்காக ராணுவ நீதிமன்றம் ஓர் அதிகாரியைப் பதவியிலிருந்து நீக்கினால் கமிஷன் தொகை முழுவதும் பறிபோகும்.

வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டன் பிரபு கடைசிவரை இந்த முறையை ஆதரித்தார். அவரே அதில் வளர்ந்தவர்தான். ஆர்தர் வெல்லஸ்லி என்ற பெயரில் 1787-இல் சேர்ந்தவர், அண்ணன் கொடுத்த பணத்தின் உதவியால் 1793-இல், 24 வயதில், 33-வது ரெஜிமென்டின் லெப்டினன்ட் கர்னல் ஆனார். இடையில் அயர்லாந்து நாடாளுமன்றத்தில் ட்ரிம் தொகுதி உறுப்பினரும்கூட. 1798-இல் அந்த ரெஜிமென்டோடு சென்னைக்கு வந்து, அடுத்த ஆண்டு திப்பு சுல்தானுக்கு எதிரான ஸ்ரீரங்கப்பட்டணப் போருக்குப் போனவர் அவர். ஆக, இந்த முறை திறமைசாலிகளை வெளியே நிறுத்தியது என்று மட்டும் சொல்லிவிட முடியாது. பணமும் திறமையும் ஒரே ஆளிடம் இருந்தால் அவரை வேகமாக மேலே கொண்டுபோனது. பணம் இல்லாத திறமையை அமுக்கியது. திறமை இல்லாத பணத்தைத் தடுக்க அதனிடம் வழியே இல்லை.

லஞ்சம் வேறு, இது வேறு என்று அன்றைய மக்களுக்கும் தெரிந்திருந்தது. 1809-இல் பெரிய ஊழல் ஒன்று வெடித்தது. தலைமைத் தளபதியாக இருந்த யார்க் கோமகனின் காதலி மேரி ஆன் கிளார்க், பதவி வாங்கித் தருவதாகச் சொல்லி ஆட்களிடம் பணம் வாங்கினார் என்ற குற்றச்சாட்டு நாடாளுமன்றத்தில் விசாரிக்கப்பட்டது. கோமகன் பதவி விலகினார். அதே ஆண்டு பதவி வணிகத்தைத் தடை செய்யும் சட்டமும் வந்தது. அதில் ஒரு விலக்கு: அரசர் ஆணைப்படி நிர்ணயித்த விலையில் நடக்கும் ராணுவக் கமிஷன் விற்பனை மட்டும் சட்டப்படி சரி.

பட்டியலில் இல்லாத விலை

அந்த விலக்கிலேயே ஓட்டை இருந்தது. பட்டியல் விலைக்கு மேல் ஒரு பைசா கொடுத்தாலும் குற்றம் என்றது சட்டம். நடைமுறையில் நல்ல ரெஜிமென்டில் பட்டியல் விலைக்கு யாரும் விற்கவில்லை. மேலே ஒரு கூடுதல் தொகை கைமாறும். எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்கவில்லை. லண்டன் பக்கத்தில் இருக்கும், சீருடை அழகாக இருக்கும், அரண்மனை விருந்துக்கு அழைப்பு வரும் குதிரைப்படை என்றால் கூடுதல் தொகை எகிறும். வெப்ப நாடுகளுக்குப் போகவிருக்கும் படை என்றால் சரியும்.

1832-இல் புருடெனல் 15-வது ஹுஸ்ஸார் ரெஜிமென்டின் தலைமையைப் பெற்றார். பட்டியல் விலை 6,175 பவுண்டு. அவர் கொடுத்தது 35,000 பவுண்டு என்று அன்று பேசிக்கொண்டார்கள். அவரது மைத்துனர் லூகன் பிரபு 1826-இல் 17-வது லான்சர் (ஈட்டி ஏந்திய குதிரைப்படை) ரெஜிமென்டுக்குக் கொடுத்தது 25,000 என்று பேச்சு. இந்தக் கூடுதல் விலைதான் அமைப்பை உள்ளிருந்து அரித்தது என்பது என் கருத்து. பட்டியல் விலையை நடுத்தரக் குடும்பம் ஒன்று கடன் வாங்கியாவது புரட்டலாம். 35,000 பவுண்டைப் பெரும் நிலப்பிரபுவைத் தவிர யார் புரட்ட முடியும்?

பறிபோன தலைமை திரும்பி வந்த விதம்

ரெஜிமென்டை நடத்தும் பொறுப்பு வந்ததும் புருடெனலின் குணமும் வெளியே வந்தது. சின்ன விஷயத்துக்கும் சீறுபவர், தன் சொல்லுக்கு எதிர்ச்சொல் பொறுக்காதவர். அகஸ்டஸ் வாதன் என்ற கேப்டனோடு சச்சரவு முற்றி, அவரை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார். 1834 தொடக்கத்தில் வாதன் குற்றமற்றவர் என்று விடுதலை ஆனார். விசாரணையில், அதிகாரிகள் பேசுவதை மறைவாக எழுதிக்கொள்ள புருடெனல் ஆள் வைத்திருந்தது அம்பலமானது. அவரைத் தலைமையிலிருந்து நீக்கினார்கள்.

கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. காரணம், தலைமையிலிருந்து நீக்குவது வேறு, கமிஷனைப் பறிப்பது வேறு. அவர் 'அரைச் சம்பளம்' என்ற நிலைக்குப் போனார். பணியில் இல்லாத அதிகாரியைப் பாதிச் சம்பளத்தோடு பட்டியலில் வைத்திருக்கும் ஏற்பாடு அது. பதவி அப்படியே இருக்கும், மீண்டும் ஒரு ரெஜிமென்ட் கிடைத்தால் நுழையலாம். இரண்டே ஆண்டில், அரண்மனை வரை போன சிபாரிசுகளுக்குப் பின், 1836-இல் 11-வது இலகு டிரகூன் (இதுவும் குதிரைப்படைதான்) ரெஜிமென்டின் தலைமை கிடைத்தது. இந்த முறை 40,000 பவுண்டு என்று பேச்சு. புருடெனலே உறுப்பினராக இருந்த மக்கள் சபையில் சர் வில்லியம் மோல்ஸ்வொர்த் இதை விசாரிக்கக் கோரித் தீர்மானம் கொண்டுவந்தார். பெரும் வாக்கு வித்தியாசத்தில் அது தோற்றது.

பணம் ஒன்றே இதைச் செய்துவிடவில்லை. பணம், குடும்பம், நாடாளுமன்ற இடம் மூன்றும் சேர்ந்து ஒருவரைத் தாங்கிப் பிடித்தன. மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அவர் டீன் பார்க்கில் நரி வேட்டையாடிக் காலம் கழித்திருப்பார்.

இந்தியாவில் இருந்து திரும்பியவர்கள்

11-வது ரெஜிமென்ட் அப்போது இந்தியாவில் இருந்தது. 1826-இல் பரத்பூர் கோட்டை முற்றுகையில் போரிட்ட படை. இந்தியாவுக்குப் போகும் ரெஜிமென்டுகளில் ஒரு வழக்கம் உண்டு. பணக்கார அதிகாரிகள் கடல் கடக்க விரும்பாமல், பணமில்லாத இன்னொருவருக்குத் தொகை கொடுத்து இடம் மாற்றிக்கொள்வார்கள். இந்தியாவில் செலவு குறைவு, சம்பளத்தோடு வரும் படித்தொகை அதிகம் என்பதால் எளிய குடும்பத்து அதிகாரிகளும் அதை ஏற்றுக்கொள்வார்கள். அதனால் ஆண்டுக்கணக்கில் இந்தியாவில் இருந்த படைகளில் அனுபவம் மிகுந்த, பணம் குறைந்த அதிகாரிகளே மிஞ்சினார்கள்.

1837-இல் அப்பா இறந்து கார்டிகன் பிரபு ஆகிவிட்ட புருடெனலுக்கு இவர்களைக் கண்டாலே ஆகாது. 'இந்திய அதிகாரிகள்' என்று அவர் சொன்னது வசவாகத்தான். படை இங்கிலாந்து திரும்பியதும் அவர்களை வெளியேற்றிவிட்டு நாகரிகமான பிரபு குடும்பத்துப் பிள்ளைகளைக் கொண்டுவர ஆசைப்பட்டார். 1840 மே மாதம், ஒரு மெஸ் விருந்தில் கேப்டன் ஜான் ரெனால்ட்ஸ் விருந்தாளி ஒருவருக்காக வரவழைத்த ஒயின் கறுப்புப் பாட்டிலில் வந்தது. அதை பீர் என்று நினைத்து, தன் மெஸ் மேசையில் மட்டமான பழக்கமா என்று கார்டிகன் கொதித்தார். ரெனால்ட்ஸைக் காவலில் வைக்கும் அளவுக்குப் போனது. நாடு முழுக்கச் செய்தித்தாள்கள் 'கறுப்புப் பாட்டில்' என்று எழுதிச் சிரித்தன. எனக்கு இதில் சிரிக்கத் தோன்றவில்லை. உண்மையான போரைப் பார்த்த அதிகாரிகளை, தோட்டா சத்தமே கேட்டிராத தலைவர் பாட்டிலின் நிறத்துக்காக அவமானப்படுத்தினார்.

அதே ஆண்டு செப்டம்பரில், தன்னைப் பத்திரிகையில் விமர்சித்த முன்னாள் கேப்டன் ஹார்வி டக்கெட்டோடு விம்பிள்டன் திறந்தவெளியில் துப்பாக்கிச் சண்டை போட்டுக் காயப்படுத்தினார். இப்படி ஒருவரோடு ஒருவர் சுட்டுக்கொள்வது அன்றும் குற்றம்தான். ஆனால் பெருங்குற்றம் சாட்டப்பட்ட பிரபுவைச் சக பிரபுக்களே விசாரிப்பார்கள் என்பது அன்றைய சட்டம். 1841 பிப்ரவரியில் பிரபுக்கள் சபையில் விசாரணை நடந்தது. காயம்பட்டவரும் குற்றப்பத்திரிகையில் முழுப்பெயர் எழுதப்பட்டவரும் ஒருவர்தான் என்று அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை. அந்த ஓட்டை வழியாகக் கார்டிகன் விடுதலை ஆனார்.

பாலக்ளாவா: யார் குற்றம்?

1854-இல் ரஷ்யாவுக்கு எதிராக பிரிட்டனும் பிரான்சும் கிரிமியாவில் போரிட்டன. பிரிட்டிஷ் படைக்கு ராக்லன் பிரபு தலைவர். குதிரைப்படை முழுவதற்கும் லூகன் பிரபு. அதற்குள் இலகு குதிரைப்படை ரெஜிமென்டுகள் சேர்ந்த இலகு பிரிகேடுக்குக் கார்டிகன். மைத்துனர்களான லூகனும் கார்டிகனும் ஒருவரை ஒருவர் பல ஆண்டுகளாக வெறுத்தவர்கள். இந்த நியமனங்கள் விலை கொடுத்து வாங்கியவை இல்லை, மேலிடம் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவை. ஆனால் அந்தத் தேர்வுக்குத் தகுதியான மூப்பை இருவரும் எட்டியது கமிஷன் ஏணி வழியாகத்தான்.

அக்டோபர் 25. குன்றின் மேலே நின்ற ராக்லன், ரஷ்யர்கள் கைப்பற்றிய பீரங்கிகளை இழுத்துப்போவதைத் தடுக்க முன்னேறும்படி எழுத்தில் ஆணை அனுப்பினார். அவர் சொன்னது ஒரு பக்கத்து மேட்டில் இருந்த பீரங்கிகளை. கீழே பள்ளத்தாக்கில் இருந்த லூகனுக்கு அவை கண்ணுக்குத் தெரியவில்லை. எந்தப் பீரங்கி என்று கேட்டபோது ஆணை கொண்டுவந்த கேப்டன் நோலன் கையைத் தெளிவில்லாமல் நீட்டினார். தெரிந்தது பள்ளத்தாக்கின் கடைசியில் இருந்த ரஷ்ய பீரங்கி வரிசை மட்டும்தான். மூன்று பக்கமும் பீரங்கி இருக்கிறது என்று கார்டிகன் லூகனிடம் சுட்டிக்காட்டினார். ஆணை ஆணைதான் என்றார் லூகன். நட்பாக இருந்த இருவர் என்றால் அங்கேயே நின்று பேசி, மேலே ஒருவரை அனுப்பிக் கேட்டிருக்கலாம். இவர்கள் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாதவர்கள்.

ஏறக்குறைய 670 பேர் பாய்ந்தார்கள். சுமார் 110 பேர் இறந்தார்கள், 160 பேர் காயப்பட்டார்கள். நோலன் தொடக்கத்திலேயே விழுந்தார். கார்டிகன் எல்லோருக்கும் முன்னால் போய், பீரங்கி வரிசை வரை எட்டி, உயிரோடு திரும்பினார். அவரைக் கோழை என்று சொல்ல முடியாது. ஆனால் பீரங்கிகளை எட்டியதும் தன் கடமை முடிந்தது என்று திரும்பிவிட்டார். பின்னால் வந்த தன் வீரர்கள் என்ன ஆனார்கள் என்று பார்க்கவில்லை. பின்வரிசையை நடத்திய ஜார்ஜ் பேஜெட்டும் ஒரு பிரபுவின் மகன், அப்போது நாடாளுமன்ற உறுப்பினர். அவர் தன் ஆட்களோடு கடைசிவரை நின்று மீட்டுக்கொண்டு வந்தார். ஒரே ஏற்பாட்டில் வந்த இரண்டு பேர்.

இந்தப் பகுதியின் சாரம் இது: அன்றைய நாசத்துக்கு நேரடிக் காரணம் தெளிவில்லாத ஆணை, பார்வைக்கு மறைந்த நிலப்பகுதி, பேசிக்கொள்ளாத இரண்டு தலைவர்கள். பதவி விற்பனையின் பங்கு, அந்த இருவரையும் அந்த இடத்துக்குப் போகும் வழியில் நிறுத்தி வைத்ததுதான்.

கார்டிகன் 1855-இல் நாடு திரும்பியபோது நாயகனாக வரவேற்கப்பட்டார். அவர் பெயரில் வந்த பின்னல் மேலாடையை இன்றும் உலகம் முழுக்க அணிகிறார்கள். 1868-இல் குதிரையிலிருந்து விழுந்து டீன் பார்க்கில் இறந்தார்.

1871: எப்படி ஒழிந்தது?

கிரிமியப் போரின் குளறுபடிகளைச் செய்தித்தாள்கள் அன்றன்றைக்கே எழுதியதால், நடுத்தர வகுப்பு மக்கள் முதல்முறையாக ராணுவத்தைக் கேள்வி கேட்டார்கள். விசாரணைக் குழுக்கள் வந்தன, மாற்றம் வரவில்லை. 1870-இல் ஜெர்மானிய நாடான பிரஷ்யாவின் பயிற்சி பெற்ற அதிகாரிகள் பிரான்சைச் சில மாதங்களில் தோற்கடித்தது பிரிட்டனை உலுக்கியது. பிரதமர் கிளாட்ஸ்டனின் போர்த்துறை அமைச்சர் எட்வர்ட் கார்ட்வெல் விற்பனையை ஒழிக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். மக்கள் சபை நிறைவேற்றியது, பிரபுக்கள் சபை இழுத்தடித்தது.

கிளாட்ஸ்டன் எடுத்த வழி சாமர்த்தியமானது. கமிஷன் விற்பனை சட்டப்படி சரி என்பதற்கு ஒரே ஆதாரம் 1809 சட்டத்தில் இருந்த விலக்கு, அதுவும் அரசர் ஆணையைச் சார்ந்தது. அந்த ஆணையை ரத்து செய்தால்? 1871 ஜூலையில் விக்டோரியா அரசி அப்படியே ஓர் ஆணை பிறப்பித்தார். அந்த நவம்பர் 1 முதல் கமிஷன் விற்பனை கிடையாது. இப்போது பிரபுக்கள் சபைக்கு மசோதாவை நிறைவேற்றியாக வேண்டிய நிலை. இல்லாவிட்டால் அதிகாரிகளுக்கு அந்த மசோதா தரவிருந்த இழப்பீடு கிடைக்காது. சட்டத்துக்குப் புறம்பான கூடுதல் விலையையும் சேர்த்தே இழப்பீடு கொடுத்தார்கள். பல லட்சக்கணக்கான பவுண்டு அரசுக் கருவூலத்திலிருந்து போனது.

விலை போனது, செலவு இருந்தது

1871-க்கு மறுநாள் ஏழை வீட்டுப் பிள்ளைகள் அதிகாரி ஆகிவிட்டார்கள் என்று எழுதுபவர்களும் உண்டு. அப்படி நடக்கவில்லை. கீழ்நிலை அதிகாரிகளின் சம்பளம் பழைய அளவிலேயே கிடந்தது. மெஸ் பில், குதிரைகள், சீருடை எல்லாம் சொந்தச் செலவுதான். குடும்பத்திலிருந்து ஆண்டுதோறும் பணம் வராத ஒருவர் குதிரைப்படையில் தாக்குப்பிடிக்க முடியாது.

வில்லியம் ராபர்ட்சன் 1877-இல் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தவர். 1888-இல் அதிகாரியாக உயர்த்தப்பட்டபோது கமிஷனுக்கு ஒரு பவுண்டும் கொடுக்கவில்லை. ஆனால் இங்கிலாந்தில் இருக்கும் குதிரைப்படையின் செலவை அவரால் தாங்க முடியாது, அதனால் செலவு குறைவான இந்தியாவில் இருந்த 3-வது டிரகூன் கார்ட்ஸில் சேர்ந்தார். தையல்காரரான அப்பா அவருக்குச் சீருடை தைத்துக் கொடுத்தார். மெஸ்ஸில் மற்றவர்கள் ஒயின் அருந்தும்போது அவர் தண்ணீர் குடித்துச் செலவை அடக்கினார். 1915-இல் பிரிட்டிஷ் ராணுவத் தலைமை அதிகாரி ஆனார், 1920-இல் ஃபீல்டு மார்ஷல். அடிமட்டச் சிப்பாயாகத் தொடங்கி அந்தப் பதவி வரை போனவர் பிரிட்டிஷ் ராணுவ வரலாற்றிலேயே அவர் ஒருவர்தான்.